முதல் வகுப்புக்கு ஐந்து எலி

ஜாம்பியா நாட்டில், சொன்ன ஜோக்கை விளக்கிச் சொல்லாத ஒரே மனிதன் நான்தான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் மண்ணில் செம்பு இருக்கிறது என்று சொல்வதுபோல, ஒரு தகவலாகச் சொல்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பலவீனமான நேரத்தில் விளக்கிவிடுகிறார்கள். எங்கள் பதிவாளர் முபிட்டா அம்மா ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு ஜோக் சொல்லி, இரண்டு நொடி காத்திருந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "அது ஜோக்" என்று அறிவிப்பார். அறிவிப்பு வந்த பிறகுதான் நிர்வாகக் கட்டடம் சிரிக்கும். தேநீர் இடைவேளையில் நான் இல்லாத கண்ணாடியைக் கழற்றி, "அது ஜோக்" என்று நடித்துக் காட்டுவேன். கட்டடம் இன்னும் நன்றாகச் சிரிக்கும்.

என் பெயர் சிஷிம்பா. வயது இருபத்தாறு. லுவான்ஷ்யாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் உதவியாளன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிரிவில் மொத்தம் இரண்டு பேர். மற்றவர் ஜெரே. ஐம்பத்து நான்கு வயது, முப்பத்தொரு வருட சர்வீஸ். அச்சடித்த வெற்றுச் சான்றிதழ்கள் இருக்கும் இரும்பறையின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான் தொங்கும். அந்தக் கனத்தில் அவர் முப்பத்தொரு வருடமாக இடது பக்கம் சற்றுச் சாய்ந்தே நடந்தார்.

நான் பெம்பா இனம், அவர் ங்கோனி இனம். எங்கள் முப்பாட்டன்கள் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அந்தப் பாவத்துக்குப் பேரன்கள் வாயால் குத்திக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர் மச்சான் முறை அது. அதில் வயது செல்லாது, பதவி செல்லாது. நான் அவரை எலித்தின்னி என்பேன், அவர் என்னைக் குரங்குத்தின்னி என்பார். என் அப்பா செத்தபோது சவப்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இவன் எந்திரிச்சு எனக்கு ஒரு குரங்குக்கால் வறுத்துக் குடுத்தாத்தான் புதைக்க விடுவேன்" என்று அடம்பிடித்தது ஜெரேதான். அந்த வாரம் முழுக்க என் அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த வருடம் மே மாதம் லுசாகாவில் எங்கள் பெயரில் ஒரு போலிப் பட்டம் பிடிபட்டது. மோசமான போலி. எங்கள் முத்திரையில் இருக்கும் மீன்கழுகு அதில் கோழிபோல இருந்தது. ஆனாலும் விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் சட்டத்துறைப் பேராசிரியர் ஹமூங்கா. யார் பெயராவது எழுத்தில் வந்துவிட்டால், அவர் அன்றே சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று விதி செய்தார்கள். நூலகத்தில் புத்தகம் தைக்கும் ஒருவர் பெயர் கையெழுத்தில்லாத ஒரு கடிதத்தில் வந்தது. அவர் வீட்டுக்குப் போனார். இன்னும் வீட்டில்தான் இருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் தாழ்வாரத்தில் செருப்பைச் சத்தமில்லாமல் வைத்து நடந்தோம்.

அப்படிப்பட்ட ஜூன் மாதத்தில்தான் சிர்க்கா வந்தார்.

பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவுத் தலைவர். ஒரு நாட்டு அலுவலர் இன்னொரு நாட்டு அலுவலகத்தில் ஒரு வாரம் நிழல்போல உட்கார்ந்து வேலையைப் பார்க்கும் திட்டத்தில் வந்திருந்தார். வேலையில் கை வைக்கக் கூடாது, பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பதிவாளர் முன்னால் தான் கண்டதைச் சொல்ல வேண்டும். ஜூன் எங்களுக்குக் குளிர்காலம். நாங்கள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்திருக்க, அரைக்கைச் சட்டையோடு வந்து, தேர்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நாற்காலியை என் முதுகுக்குப் பின்னால் போட்டு, கட்டம் போட்ட நோட்டைத் திறந்தார்.

முதல் நாளே பதிவாளரின் சுற்றறிக்கை வந்துவிட்டது: 'விருந்தாளி முன்னால் அனைவரும் ஆங்கிலத்திலேயே பேசவும். அவருக்குப் புரியாத மொழியில் சிரிப்பது மரியாதை ஆகாது.' எங்களிடம் எந்தக் குறை இருந்தாலும் மரியாதையில் குறை கிடையாது. பெம்பா மொழியில் மூன்று சொல்லில் முடிந்திருக்கும் வசவை, விருந்தாளிக்கு விளங்க வேண்டுமே என்று, முழு ஆங்கில வாக்கியங்களாக, எழுவாய் பயனிலையோடு வைதோம்.

"என்ன குரங்குத்தின்னி, விடிஞ்சுதா?" என்று ஜெரே உள்ளே வந்தார்.

"விடிஞ்சுது எலித்தின்னி. இன்னிக்கு எத்தனை பட்டம் வித்தே?"

"ரெண்டுதான். மார்க்கெட் டல்லு."

பின்னால் பேனா நின்றது. "மன்னிக்கணும். பட்டத்தை விக்கிறீங்களா?"

"முப்பத்தொரு வருஷமா மேடம்," என்றார் ஜெரே, கையை மார்பில் வைத்து. "இந்தப் பய பொறந்து அவங்க அம்மா முதுகுல கட்டின துணிக்குள்ள மூத்திரம் போறதுக்கும் முன்னாடியிலேர்ந்து."

"விலை?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பின்லாந்திலிருந்து ஒருவர் வந்து என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முன் நான் சொன்னதை யாரும் எழுதியதில்லை.

"முதல் வகுப்புன்னா அஞ்சு எலி மேடம். நல்லா காஞ்சது, உப்புப் போட்டது. ரெண்டாம் வகுப்புக்கு மூணு. சாவி இவர்கிட்டதானே இருக்கு."

"மருத்துவப் பட்டம்?"

"அதுக்குக் குரங்கு வேணும்," என்றார் ஜெரே. "அந்த வசூலை இவன் பாத்துக்கறான்."

"மேலதிகாரிகளுக்கு இது தெரியுமா?"

"தெரியாமலா? பதிவாளர் அம்மா பட்டமே இவர் குடுத்ததுதான்!" என்றேன். ஜெரே மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிர்க்கா சிரிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பி, தேதி போட்டு, எழுதினார். பின்லாந்துக்காரர்கள் உள்ளுக்குள் சிரிப்பார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். நன்றாக உள்ளே வாங்கிக்கொள்ளட்டும் என்று செவ்வாயும் புதனும் இன்னும் விரிவாகச் சொன்னோம். புதன்கிழமை அவர் ஊர் மிட்டாய் கொடுத்தார். கறுப்பாக, உப்பாக இருந்தது. ஜெரே கண்ணீர் வழிய அதை முழுதாக விழுங்கி, "ரொம்ப நல்லாருக்கு மேடம்" என்றார். என்னிடம் ஜாடையில் எலியே தேவலை என்றார்.

வியாழன் காலை ஒன்பதே காலுக்கு அவருடைய அறிக்கையின் வரைவு மின்னஞ்சலில் வந்தது. தகவல் பிழை இருந்தால் திருத்தச் சொல்லி எங்களுக்கு. பிரதி, பதிவாளருக்கும் இரண்டு நாட்டு வெளியுறவுப் பிரிவுகளுக்கும். முதல் மூன்று பக்கம் எங்கள் கோப்புகளின் ஒழுங்கைப் பாராட்டியிருந்தது. நான்காம் பக்கம்:

'3.4. ஆபத்து. சான்றிதழ் அலுவலர் தாம் பட்டங்களை விற்பதாக என் முன்னிலையில் நான்கு முறை கூறினார். இளைய அலுவலர் ஒவ்வொரு முறையும் அதை உறுதிப்படுத்தி, விலை விவரமும் தந்தார். கட்டணம் விலங்குகளாகப் பெறப்படுவதால் தணிக்கையில் சிக்குவதில்லை. பதிவாளரின் பட்டத்தையும் சரிபார்ப்பது நல்லது. இருவரும் என்னிடம் காட்டிய வெளிப்படைத்தன்மைக்கு மனமார்ந்த நன்றி.'

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அது வாய்வரை வந்து திரும்பிப் போய்விட்டது. ஜெரே என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டே இருந்தது. பிறகு படவில்லை.

"எழுத்துல வந்துருச்சே," என்றார்.

பத்து மணிக்குப் பாதுகாப்புப் பிரிவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கும் ஜெரேயைத் தெரியும். ஒருவர் மகளுடைய சான்றிதழை அவர்தான் போன மாதம் தேடி எடுத்துக் கொடுத்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெரே பெல்ட்டிலிருந்து கொத்தைக் கழற்ற முயன்றார், விரலுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் பெல்ட்டையே உருவி, கொத்தைச் சரியவிட்டு, தட்டில் வைத்தார். குழு மறுநாளே, வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு விசாரிப்பதால் வீட்டுக்குப் போக வேண்டாம், அதுவரை அறையில் இருக்கலாம், எதையும் தொடக் கூடாது என்றார்கள்.

அவர்கள் போனபின் அவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் சிஷிம்பா, அந்தக் கல்வியியல் கோப்புகளை நீங்க பாத்துக்குங்க."

என் வாழ்க்கையில் அவ்வளவு பயங்கரமான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. இரண்டரை வருடத்தில் ஒரு முறைகூட அவர் என்னை நீங்க என்றதில்லை. சவப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்த மனிதர் இறங்கிப் போய்விட்டதுபோல் இருந்தது.

பதிவாளர் அறைக்கு ஓடினேன். முபிட்டா அம்மா கண்ணாடியை ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தார்.

"மேடம், அது வந்து மச்சான் முறையில..."

"தெரியும்டா. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஹமூங்காவுக்குத் தெரியும், வாசல்ல நிக்கற காவல்காரனுக்கும் தெரியும். தாளுக்குத் தெரியாதே!" "ரெண்டு நாட்டு முத்திரையோட வந்த தாள். இதை நான் மூடினா, தன் பட்டத்தைக் காப்பாத்த மூடினாள்னு வரும். முப்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கின என் பட்டத்தைச் சரிபார்க்க இப்ப எழுதப் போறாங்க. அந்தக் காலேஜே இப்ப இருக்கான்னு தெரியலை."

"ஜெரே?"

"ரெண்டு மணிக்கு அவரால மறுக்க முடியலைன்னா வேலை நீக்கம்தான். ஓய்வூதியமும் கிடையாது. அந்தம்மாவே திருத்தினாத்தான் உண்டு. போ, போய்க் கேளு. மிரட்டாதே."

நான் மிரட்டுவதா? எனக்கு மாடிப்படியின் கைப்பிடியை விட்டுவிட்டு நடக்கவே முடியவில்லை.

மதியம் குழுவினர் இரும்பறையைத் திறந்து வெற்றுச் சான்றிதழ்களை எண்ணினார்கள். ஒரு தாள்கூடக் குறையவில்லை. மூச்சு வந்தது. வெளியே வந்த ஹமூங்கா, "ஒரு தாள்கூடக் குறையலைன்னா ஆளு எவ்வளவு கெட்டிக்காரனா இருக்கணும்!" என்றார். மூச்சு மறுபடி போனது.

சிர்க்கா உணவகத்தில் ன்ஷிமா என்கிற எங்கள் சோளக்களியைக் கையால் பிசைந்து உருட்டப் பழகிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"மேடம், அந்த மூணு புள்ளி நாலு. அது ஜோக்." சொல்லிவிட்டேன். ஆனால் இது கணக்கில் சேராது என்று அப்போது எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். விளக்கவில்லையே, அறிவித்தது மட்டும்தானே.

"எந்தப் பகுதி?"

"எல்லாம்."

"பிடிபட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்றார் அவர், வருத்தமாக. "எங்க ஊர்லயும். சரி, ஒண்ணு கேக்கறேன். அவரை உங்களுக்குப் பிடிக்குமா?"

"ரொம்ப."

"பிடிச்ச ஒருத்தரை, விசாரணை நடக்கறப்ப, முன்பின் தெரியாத ஒருத்தி முன்னாடி, திருடன்னு ஏன் சொல்லணும்?"

வாயைத் திறந்தேன். அப்பாவின் சவப்பெட்டி ஞாபகம் வந்தது. ஈட்டிகள் ஞாபகம் வந்தன. ஆங்கிலத்தில் எதுவும் வரவில்லை.

"அதை எடுத்துடுங்க மேடம். ப்ளீஸ்."

"கேட்டதுனால எடுத்தேன்னு சேத்து எழுதணுமே." அவர் தன் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க எழுதிக் குடுங்க. நான் குறிச்ச ஒவ்வொரு வாக்கியத்துக்கும், எது ஜோக், ஏன் ஜோக்னு. கையெழுத்துப் போடுங்க. அறிக்கையோட இணைச்சு, 3.4ஐ மாத்தி எழுதறேன். எனக்கும் அந்தப் பெரியவரைப் பிடிக்கும்."

நியாயமான பெண்மணி. அதுதான் பிரச்சினை. அதை எழுதினால், பேச்சை ஆரம்பித்தவனும் பதிவாளர் பட்டத்தை இழுத்தவனும் நான்தான் என்று என் கையெழுத்தில் வரும். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கெடுத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று பணி விதிகளில் தெளிவாகவே இருந்தது. அந்த விதிகளைத் தட்டச்சு செய்ததே நான்தான். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்தேன். வீட்டுக்குப் போனேன். எழுதவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் என் கொள்கையைச் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெரே இழவுக்குப் போடும் கறுப்புக் கோட்டில் வந்தார். சாவி இல்லாமலும் இடது பக்கம் சாய்ந்தே நடந்தார். மேசை இழுப்பறையிலிருந்து பற்பசை, கண்ணாடிக்கூடு, பேத்தி வரைந்த யானை என்று ஒவ்வொன்றாக ஒரு அட்டைப்பெட்டியில் வைத்தார்.

"எலித்தின்னி," என்றேன் மெதுவாக.

அவர் சட்டென்று கதவைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்த பயத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"அப்படிப் பேசாதீங்க மிஸ்டர் சிஷிம்பா. நான் சொல்லிடறேன், பேசினதெல்லாம் நான்தான், நீங்க சும்மா தலையாட்டினீங்கன்னு. உங்களுக்குச் சின்ன வயசு. ரெண்டு பேரும் போய் என்ன ஆகப் போகுது?"

இரண்டு மணிக்குக் கூட்ட அறை. நீள மேசையின் ஒரு கோடியில் ஹமூங்கா, அவர் முன்னால் சாவிக்கொத்து. பக்கத்தில் முபிட்டா அம்மா, குழுவினர் இருவர். எதிரே சிர்க்கா, நோட்டோடு. நானும் ஜெரேயும் கதவோரம் நின்றோம்.

"மிஸ்டர் ஜெரே, பட்டம் விக்கிறதாச் சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா. எல்லாம் நான்தான். இந்தப் பையன்..."

"இல்லை!" என்று ஒரு குரல் கேட்டது. கீச்சென்று இருந்தது. என்னுடையதுதான். "ஆரம்பிச்சது நான் ஐயா. எத்தனை பட்டம் வித்தேன்னு கேட்டது நான். எலி விலை சொன்னது நான். பதிவாளர் அம்மா பட்டத்தைச் சொன்னதும் நான்தான். அது மச்சான் முறை."

ஜெரே என் கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார், வாயை மூடு என்பதுபோல.

"மச்சான் முறை எனக்குத் தெரியாதா?" என்றார் ஹமூங்கா எரிச்சலாக. "எழுத்துல இருக்கா?"

"எழுதிக் குடுத்தா நான் ஏத்துக்கறேன்," என்றார் முபிட்டா அம்மா.

ஹமூங்கா டோங்கா இனம். முபிட்டா அம்மா லோசி இனம். அவர்களுக்குள்ளும் மச்சான் முறை உண்டு. நாற்பது வருடப் பழக்கம் நாக்கில் இருந்தது.

"நீங்க ஏன் ஏத்துக்க மாட்டீங்க? திருட்டுன்னா லோசிக்காரங்களுக்குச் சொந்த ஊர்த் திருவிழாவாச்சே!"

"பேசறாரு பாரு, மாட்டைத் திருடி மாமனார் வீட்டுக்கே சீர் அனுப்பின டோங்காக்காரர்!"

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் கேட்டது. அறையில் ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது. கட்டம் போட்ட தாளில் பேனா ஓடும் சத்தம்.

ஹமூங்காவின் முகம் சாம்பல் நிறமானது. அவர் செய்த விதி அவருக்கே மனப்பாடம். முபிட்டா அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"அது ஜோக்," என்றார்.

முதல் தடவையாக, அறிவித்த பிறகும் யாரும் சிரிக்கவில்லை.

"ரெண்டுமா?" என்று கேட்டார் சிர்க்கா. கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். பேனாவை உயர்த்தி, ஹமூங்காவைப் பார்த்தார், முபிட்டா அம்மாவைப் பார்த்தார், ஜெரேயைப் பார்த்தார். அந்த ஐந்து நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ இளகியது. "அப்போ இங்க எல்லாருமேவா? சரி. நான் திருத்தறேன். ஆனா விளக்கம் எழுத்துல வேணும். யார் எழுதறீங்க?"

ஹமூங்கா என்னைப் பார்த்தார். முபிட்டா அம்மாவும் பார்த்தார். குழுவினர் இருவரும் தாங்கள் எந்த இனம் என்று யாரும் ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்பதுபோல மேசையைப் பார்த்தார்கள்.

"உக்காருப்பா," என்றார் ஹமூங்கா, இதுவரை கேட்டிராத மென்மையான குரலில். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "நல்லா விளக்கமா எழுது. கையெழுத்துப் போட்டுக் குடுத்ததும் அவர் சாவியை எடுத்துக்கட்டும். உன் மேல நடவடிக்கைங்கற பேச்சு இந்த அறையோட போகட்டும். என்னுதையும் சேத்துக்கோ. கடைசியில போடு."

தாள் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன். சிர்க்கா தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வழக்கம்போல என் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டார். எண் ஒன்று போட்டேன். 'சான்றிதழ் அலுவலர் பட்டம் விற்கிறார் என்று நான் கூறியது. அது ஜோக். அவர் எதையும் விற்றதில்லை. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அது ஜோக்.' எண் இரண்டு, எலி. எலியில் கொஞ்சம் சிரமப்பட்டேன். ஈட்டிகளிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. எண் மூன்றுக்கு என் அப்பாவின் சவப்பெட்டியையும், அம்மா சிரித்ததையும் எழுத வேண்டியிருந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

ஜெரே என் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தார். அவர் மூச்சு காதில் பட்டது.

"குரங்கை விட்டுட்டியேடா," என்றார் மிக மெல்ல.

சேர்த்தேன். எண் ஆறில் பேராசிரியர் ஹமூங்காவின் பெயரை முழுமையாக எழுதி, 'அதுவும் ஜோக்' என்று போட்டுவிட்டு, ஏன் என்று விளக்குவதற்கு இன்னொரு தாள் கேட்டேன்.